மரியதாஸ் அண்ணைக்கு மட்டும் தெரிந்த இடறல்

எப்போதாவது மட்டும் வரும் பிழையைப் போல ஒரு மெக்கானிக்கை அலைக்கழிப்பது வேறொன்றும் இல்லை. முழுதாக உடைந்த சாமான் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். வந்து வந்து போகும் பிழை அப்படியில்லை. வழியெல்லாம் குலுக்கி எடுத்த எஞ்சின் எங்கள் கராஜ் வாசலுக்கு வந்ததும் நல்ல பிள்ளையாக ஓடும். நாங்கள் ஒரு சுற்றுப் போய்வந்து, "ஒண்டும் இல்லையே" என்று வாகனத் திறப்பைத் திருப்பி நீட்டுவோம். எதிரில் நிற்பவரின் முகம் சுருங்குவதைக் கவனிக்க எங்களுக்கு நேரம் இருப்பதில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். தம்பிமார்தான் அதிகம், இரண்டு தங்கச்சிமாரும் இருப்பது எனக்குச் சந்தோசம். பிளக் மாற்றுவதையும் பிழையை வாசிக்கும் ரெஸ்ரரைச் செருகிப் பார்ப்பதையும் நீங்கள் என்னைவிட வேகமாகச் செய்கிறீர்கள். அதனால் அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ஒரு பழைய பிக்கப் ட்றக்கையும், அதை ஓட்டி வந்த ஒரு மனிதரையும் பற்றிச் சொல்கிறேன்.

அப்போது நான் வேலை செய்த கராஜ் நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், ரயில் பாதையை ஒட்டிய தெருவில் இருந்தது. பனி உருகத் தொடங்கியிருந்த காலம். தெருவெல்லாம் உப்பும் கறுத்த தண்ணீரும். ஒருநாள் காலை மரியதாஸ் அண்ணை தன் பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். மன்னார்ப் பக்கத்து ஆள், வீடுகளுக்குத் தரை ஓடு பதிப்பவர். நகரத்தின் மேற்கு ஓரத்தில், பியர்பொன்ட்ஸில் மனைவியோடும் மகன் குடும்பத்தோடும் இருந்தார். பிக்கப்புக்கு அவருடைய மகனின் வயது இருக்கும். சில்லுகளுக்கு மேலே துரு தின்று ஓட்டை விழுந்திருந்தது. ஆனால் எஞ்சினை நன்றாகப் பராமரித்து வைத்திருந்தார்.

"தம்பி, ஓடிக்கொண்டிருக்கேக்க திடீரெண்டு இடறுது. நாலைஞ்சு தரம் குலுக்கும். பேந்து ஒண்டும் நடக்காத மாதிரி ஓடும்."

"எப்ப வரும் அண்ணை? எஞ்சின் குளிரா இருக்கேக்கயா, சூடானாப் பிறகா?"

"சூடானாப் பிறகுதான். ஹைவேயில கனக்க. ஆனா ஒவ்வொரு நாளும் வராது. என்னத்துக்கு வருது எண்டு பிடிபடேல்லை."

ஏற்கனவே இரண்டு கராஜ்களில் காட்டியிருந்தார். ஒன்றில் பிளக்குகளை மாற்றிவிட்டு, இனி ஒன்றுமில்லை என்றிருந்தார்கள். மற்றதில் ஒன்றுமே இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். திறப்பை என் கையில் வைத்தபோது அவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"நீரும் ஒண்டுமில்லை எண்டு சொன்னா, இனி நான் ஒருத்தரிட்டையும் கொண்டு போகமாட்டன்."

பிக்கப்பைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ரெஸ்ரரில் ஒரு பிழையும் பதிவாகியிருக்கவில்லை. பழைய வாகனங்களில் சில நொடிகள் மட்டும் வந்து போகும் இடறல், நாங்கள் மிஸ்ஸிங் என்பது, கணினி அதைப் பிழை என்று எழுதிவைப்பதற்கு முன்பே மறைந்துவிடும். நானே எடுத்து ஓடிப் பார்த்தேன். பார்க் அவெனியூவில் மேலும் கீழும் போனேன், ஹைவேயிலும் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பினேன். பட்டுப்போல ஓடியது. இரவு வெளியே குளிரில் விட்டுவிட்டு மறுநாள் காலை எடுத்துப் பார்த்தேன். அப்போதும் ஒன்றுமில்லை. எங்கள் முதலாளி, அடுத்த வாகனத்தை ஏற்ற இடம் வேண்டும் என்று இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று மதியம் அவருடைய மகன் றொஷான் வந்தான். வேலையிடத்திலிருந்து சாப்பாட்டு நேரத்தில் நேராக வந்திருக்கிறான் என்பது உடுப்பில் தெரிந்தது. உள்ளே வராமல் வாசலில் நின்றபடி என்னைக் கூப்பிட்டான்.

"அங்கிள், அப்பாவின்ர ட்றக்கில ஏதும் கண்டுபிடிச்சீங்களோ?"

"இன்னும் இல்லை."

"நீங்க கண்டுபிடிக்க மாட்டீங்கள்." கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரல். "போன ஒக்டோபர் அவர் ஏணியால விழுந்தவர். தலையில அடி. ஹொஸ்பிட்டலில இருந்து வந்தாப் பிறகு முந்தின மாதிரி இல்லை. அடுப்பை மூட்டிப்போட்டு மறந்திடுவார். ஒருநாள் என்ர மகளைப் பிள்ளையள் பராமரிக்கிற கார்டெறியில இருந்து கூட்டிவாறன் எண்டு போட்டு, வேற றோட்டில போய் நிண்டவர். இப்ப ட்றக் குலுங்குது எண்டுறார். நான் ஒரு கிழமை அதைத்தான் வேலைக்குக் கொண்டு போனன். ஒருக்காலும் குலுங்கேல்லை. சேர்ச்சுக்குப் போகேக்க அம்மா பக்கத்திலதான் இருக்கிறவ. அவவுக்கும் ஒண்டும் தெரியேல்லை."

பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னான்.

"அங்கிள், ட்றக் முடிஞ்சுது, இனித் திருத்த ஏலாது எண்டு அவரிட்டச் சொல்லுங்கோ. நீங்க சொன்னா நம்புவார். ட்றக் இல்லாட்டி வேற வாகனம் ஓடமாட்டார். அம்மான்ர கார் அவருக்குச் சரிவராது. ஹைவேயில ஆற்றையும் பிள்ளையளை இடிச்சுப்போட்டார் எண்டா, பிறகு நாங்கள் என்ன செய்யிறது?"

அப்படிச் சொல்வது எனக்கு ஒரு கஷ்டமும் இல்லாத காரியம். வாகனத்தின் அடியில் இருந்த துருவைத் தடியால் தட்டிக் காட்டியிருந்தாலே போதும், யாரும் நம்புவார்கள். மகனின் பயமும் பொய்யில்லை. தகப்பனில் பாசம் இல்லாத பிள்ளை சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வரமாட்டான். இன்னொரு பக்கம், "ஒண்டுமில்லை" என்று நான் உண்மையாகவே சொன்னால் அதன் அர்த்தம் என்ன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மரியதாஸ் அண்ணை என்னிடம் கொண்டுவந்தது பிக்கப்பை மட்டும் அல்ல. குலுங்குவது வாகனமா, தன் தலையா என்று கேட்டு வந்திருக்கிறார். இரண்டு கராஜ்கள் தலைதான் என்று பதில் சொல்லி அனுப்பிவிட்டன. அவர்கள் அதை அறிந்து சொல்லவில்லை.

"டொக்டர் அப்பாவை ஓட வேண்டாமெண்டு சொன்னவரோ?" என்று கேட்டேன்.

"இல்லை. அடுத்த முறை வரேக்க பார்ப்பம் எண்டவர். அடுப்பு மறந்தது, றோட்டு மாறினது ஒண்டையும் அப்பா அவருக்குச் சொல்லேல்லை. என்னையும் உள்ள வர விடமாட்டார்."

"நாளைக்கு மட்டும் பொறும். எனக்கு இன்னும் ஒண்டு பார்க்க இருக்கு."

"என்னது?"

"அப்பாவை ஓட விட்டிட்டு நான் பக்கத்தில இருந்து பார்க்கப்போறன்."

அவன் முகம் மாறியது. "அதைத்தானே வேண்டாமெண்டுறன்!"

அவன் போன பிறகு நான் வேறு வேலை எதையும் தொடவில்லை. அவன் சொன்னது சரியாக இருந்தால், நோயுள்ள ஒரு மனிதரை நானே ஹைவேக்கு அனுப்புகிறேன். பக்கத்தில் இருப்பதால் அந்த ஆபத்துக் குறையாது. ஆனால் ஒன்றை நான் பல வருடமாகப் பார்த்திருந்தேன். எப்போதாவது வரும் பிழை, அந்த வாகனத்தை ஓட்டுபவரின் பழக்கத்துக்குள் ஒளிந்திருக்கும். நான் ஓட்டினால் என் பழக்கத்தில்தான் ஓட்டுவேன், அது வெளியே வராது. அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். பகலில் போவோம். முதலில் பக்கத்துப் பகுதியான வில்லரேயின் சின்னத் தெருக்களில் அவர் எப்படி ஓட்டுகிறார் என்று பார்ப்பேன். மனத்துக்குத் திருப்தியாக இல்லையென்றால் ஏதாவது சாட்டுச் சொல்லித் திரும்பிவிடுவேன். ஹைவே என்பது அதற்குப் பிறகுதான்.

மறுநாள் காலை அவர் வந்தார். பக்கத்து இருக்கையில் நான் ஏறி உட்கார்ந்ததும் சிரித்தார். "சோதினையோ தம்பி?"

"எனக்குத்தான் அண்ணை சோதினை. நேற்று முழுக்க ஓடியும் ஃபெயில்."

வில்லரேயில் பள்ளிக்கூடம் தொடங்கும் நேரம். ஒவ்வொரு ஸ்டொப் பலகையிலும் முழுதாக நிறுத்தினார். தள்ளுவண்டியோடு ஒரு பெண் கடக்க நின்றபோது, பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தும் அசையாமல் காத்திருந்தார். வளைவுகளில் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். கொஞ்சம் மெதுவாகத்தான் ஓட்டினார். ஆனால் என்ன செய்கிறோம் என்று தெரிந்துதான் செய்தார். எனக்குத் திருப்தி வந்தது. ஹைவேயில் ஏறி மேற்குப் பக்கமாக, வீட்டுக்குப் போகும் வழியிலேயே போகச் சொன்னேன்.

றோட்டு ஈரம். முன்னால் போன நீளமான லொறி ஒன்று சேற்றுத் தண்ணீரை அள்ளி எங்கள் முன்கண்ணாடியில் எறிந்தது. மரியதாஸ் அண்ணை கண்ணாடி கழுவும் நீல மருந்தை அடித்தார், வைப்பர் இரண்டு தரம் துடைத்தது. மருந்தின் வாசம் லேசாக உள்ளே வந்தது. அடுத்த லொறியைத் தாண்டும்போது மறுபடியும் அடித்தார்.

அப்போது வந்தது.

முதலில் காலடியில், பிறகு இருக்கையில். யாரோ வாகனத்தைப் பின்னாலிருந்து பிடித்துப் பிடித்து விடுவது போல எஞ்சின் இடறியது. ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் விடும்போது வருகிற அதே குலுக்கம். அவர் றோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தம்பி…"

"ஓம் அண்ணை. எனக்கும் தெரிஞ்சது."

அவர் சிக்னல் போட்டார், பின்னால் பார்த்தார், அவசரப்படாமல் வலது பக்கத்துக்கு மாறி அடுத்த வெளிவழியில் இறங்கினார். இறங்கும்போதே குலுக்கம் நின்றுவிட்டது. ஒரு கடையின் பார்க்கிங்கில் கொண்டுபோய் நிறுத்தினார். எஞ்சின் ஒன்றுமே நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது. அவர் கைகள் இரண்டும் ஸ்ரியறிங்கிலேயே இருந்தன.

"அப்ப எனக்கு விசரில்லை," என்றார்.

அதற்கு ஆறுதலாக எதையாவது சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். "குலுங்கினது வாகனம்தான் அண்ணை," என்றேன். அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். நான் இறங்கி, கடைக்குள் போய் இரண்டு கோப்பி வாங்கிக்கொண்டு மெதுவாக வந்தேன்.

பிறகுதான் வேலை. "இடறுறதுக்கு முதல் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் செய்யேல்லை. நேராத்தான் ஓடினன்."

இதை நீங்கள் கவனத்தில் வைத்திருங்கள். கேட்டால் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள், பொய்யும் இல்லை. கண்ணாடி கழுவுவதை யாரும் ஒரு காரியமாக எண்ணுவதில்லை. பக்கத்தில் இருந்து பார்த்த எனக்குத்தான் அந்த நீல மருந்தும் அதன் வாசமும் மனத்தில் நின்றன. ஹைவேக்குப் போகாமல், ஆள்நடமாட்டம் இல்லாத பக்கத்துத் தெருவொன்றில் ஓடச் சொன்னேன்.

"இப்ப கண்ணாடியைக் கழுவுங்கோ. கொஞ்ச நேரம் அடியுங்கோ."

"சுத்தமாத்தானே இருக்கு."

"பரவாயில்லை, அடியுங்கோ."

அடித்தார். கொஞ்சத் தூரம் போனோம். எஞ்சின் இடறியது. கொஞ்ச நேரத்தில் இடறல் நின்றது. மறுபடியும் அடிக்கச் சொன்னேன். மறுபடியும் இடறியது. மரியதாஸ் அண்ணை வாய்விட்டுச் சிரித்தார்.

"கண்ணாடியைக் குளிப்பாட்டினா எஞ்சினுக்கு ஏன் தம்பி தடிமன் பிடிக்குது?"

மகன் பிக்கப்பை ஓட்டிய அந்தக் கிழமை ஏழு நாளும் கடும் குளிர். தெரு காய்ந்து கிடந்தது, கழுவவேண்டிய தேவையே வந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு சேர்ச்சுக்குப் போவது வீட்டுக்குக் கிட்ட. நான் ஓடிய அன்றும், கராஜில் வழக்கமாகச் செய்வதுபோல முதலில் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் எடுத்தேன். நாங்கள் மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருடைய சொல்லுக்கு எதிராக மூன்று சாட்சிகளாகிவிட்டோம்.

கராஜுக்கு வந்து எஞ்சினை மூடியிருக்கும் பொனற்றைத் திறந்தேன். எல்லாம் காய்ந்திருந்தது. திறந்தபடியே மருந்தை அடித்துப் பார்த்தேன், ஒரு சொட்டும் ஒழுகவில்லை. பொனற் மூடியிருந்தபோது மட்டும்தான் ஏதோ நடக்கிறது என்று பட்டது. எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, அதன் மேல் சமையலறைப் பேப்பர் துண்டுகளைப் பரப்பினேன். பொனற்றை மூடி, மருந்தை அடித்து, திரும்பத் திறந்தேன். பின்பக்கத்துப் பேப்பரில் நீலக் கறை. மருந்து போகும் றப்பர் குழாய் வளையும் இடத்தில் வெடித்திருந்தது. பொனற்றைத் திறந்தால் குழாய் நிமிர்ந்து வெடிப்பு மூடிக்கொள்ளும். மூடினால் மடிந்து வாய் திறக்கும். அங்கிருந்து ஒழுகியது, பின்னால் இருந்த பிளக் வயரின் பழைய றப்பர் மூடியில் விழுந்தது. முதல் கராஜில் பிளக்கை மாற்றியவர்கள் வயர்களைப் பழையதாகவே விட்டிருந்தார்கள். நனைந்ததும் மின்சாரம் பிளக்குக்குள் போகாமல் வெளியே கசிந்துவிடும். எஞ்சின் சூட்டில் அந்த மருந்து கொஞ்ச நேரத்தில் ஆவியாகிவிடும். ரெஸ்ரருக்கும் ஒன்றும் மிஞ்சாது, கண்ணுக்கும் ஒன்றும் மிஞ்சாது. தீப்பிடிக்கக்கூடிய மருந்து அது. அதுவரை பிடிக்காதது அவர்கள் அதிர்ஷ்டம்.

புதிய குழாயும் வயர்களும் மதியத்துக்குள் வந்துவிட்டன. முதலாளிக்கு அவசரம். ஆனால் நான் மாற்றவில்லை. றொஷானுக்குப் போன் எடுத்து வரச் சொன்னேன். திருத்திய பிறகு எதைக் காட்டினாலும் அது நான் சொல்லும் கதையாகத்தான் இருக்கும். குலுக்கத்தை அவனும் தன் உடம்பில் உணரவேண்டும் என்று நினைத்தேன்.

அவன் வந்தான். தகப்பனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். ரயில் பாதை ஓரத்துத் தெருவில் மெதுவாக ஒரு சுற்றுப் போய்வரும்படி இருவரிடமும் சொன்னேன். தகப்பன் ஓட்டினார், மகன் பக்கத்தில் இருந்தான். நான் ஏறவில்லை. தெருமுனையில் திரும்பி அவர்கள் வருவது தெரிந்தது. ஓரிடத்தில் கண்ணாடியில் நீலத் தண்ணீர் பாய்ந்தது. கொஞ்சம் தள்ளி பிக்கப் குலுங்கியது, வெளியே நின்ற எனக்கே தெரிந்தது.

வாசலில் நிறுத்திய பிறகும் இருவரும் இறங்கவில்லை. கதவுக் கண்ணாடி பாதி இறங்கியிருந்ததால் பேச்சுக் கேட்டது.

"இது கன நாளா வந்ததோ?"

"ஓம்."

"ஏன் வடிவாச் சொல்லேல்லை அப்பா?"

"சொன்னனான்தானே."

பிறகு றொஷான் சொன்னான், "ஓம். சொன்னனீங்கள்தான்."

தகப்பன் கை கழுவ உள்ளே போனபோது அவன் என்னிடம் வந்தான். "அப்ப அவர் ஓடலாம் எண்டுறீங்களா அங்கிள்?"

"அதை நான் சொல்லேல்லை. இண்டைக்கு என்னோட வடிவா ஓடினவர். குலுங்கேக்க பதறாமல் ஓரத்துக்கு எடுத்தவர். அவ்வளவுதான் நான் பார்த்தது. அடுப்பையும் றோட்டையும் நான் பார்க்கேல்லை. அது டொக்டரிட்டக் கேக்கவேண்டிய கதை."

"நீங்க எனக்கு உதவி செய்வீங்கள் எண்டு நினைச்சன்," என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தச் சொல் எனக்குச் சுட்டது. அன்று நான் செய்தது உதவியா, உபத்திரவமா என்று எனக்கே தெரியாது. இந்த வேலையில் சில நாட்கள் அப்படித்தான் முடியும். எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எஞ்சினோடு நிறுத்திக்கொண்டேன். ஒரு மனிதரின் தலையைப் பற்றி, நல்லதாகவோ கெட்டதாகவோ, ஒரு தீர்ப்பும் என் வாயால் வரவில்லை. அந்த ஒன்றில் மட்டும் எனக்கு நிம்மதி இருந்தது. குழாயையும் வயர்களையும் மாற்றி, பல தரம் ஓடிப் பார்த்துவிட்டு, அன்று மாலையே பிக்கப்பை ஒப்படைத்தேன்.

கோடை தொடங்கிய பிறகு ஒருநாள் மரியதாஸ் அண்ணை ஒயில் மாற்ற வந்தார். வாகனம் எப்படி என்று கேட்டேன். இடறவேயில்லை என்றார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார்.

"டொக்டர் ஹைவே வேண்டாமெண்டிட்டார் தம்பி. ஏணியும் வேண்டாமாம். பகலில, உள்தெருக்களில ஓடலாமாம். ஆறு மாசத்துக்கு ஒருக்கால் சோதிப்பினமாம்."

"மகன் சொல்லித்தானோ?"

"இல்லை. நான்தான் சொன்னனான். அடுப்பு மறக்குது, றோட்டு மாறுது, எல்லாத்தையும் சொன்னன். றொஷானையும் உள்ள கூட்டிக்கொண்டு போனன்."

எனக்கு விளங்கவில்லை. "அப்ப ஏன் அண்ணை முந்திச் சொல்லேல்லை?"

அவர் பொனற்றின் மேல் கையை வைத்தார்.

"முந்தி நான் ஒரு மறதியைச் சொல்லியிருந்தா, ட்றக் குலுங்கினதையும் அதோட சேர்த்திருப்பினம். பிறகு நான் சொல்லுற ஒண்டையும் ஒருத்தரும் நம்பமாட்டினம். அதுதான் எல்லாத்தையும் ஒளிச்சு வைச்சிருந்தனான். இப்ப நான் குலுங்குது எண்டா குலுங்குதுதான் எண்டு அவங்களுக்குத் தெரியும். அதால மறக்குது எண்டதையும் சொல்லக்கூடியதா இருந்தது."

ஒயில் மாற்றி முடித்துத் திறப்பைக் கொடுத்தேன். அவர் ஏறி, இருக்கையைச் சரிசெய்து, இரண்டு பக்கமும் பார்த்து வெளியே எடுத்தார். தெருமுனையில் இடது பக்கம் திரும்பினால் ஹைவே. அவர் வலது பக்கம் திரும்பினார். பியர்பொன்ட்ஸில் இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேர, உள்தெருக்களால் சுற்றிப்போனால் கன நேரம் எடுக்கும்.